கிரிபாட்டி: கையளவு நிலமும் கண்டமளவு கடலும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் நாள் பிற்பகல் மூன்றரை மணியளவில், உலகில் முதலாவதாகக் கிரிபாட்டியில் புத்தாண்டு பிறந்தது என்னும் செய்தி நம் தொலைக்காட்சிகளில் ஓடுகிறது. அதனால் அந்தப் பெயர் பலர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அந்த நாடு எங்கே இருக்கிறது, அதை யார் ஆளுகிறார்கள், அங்குள்ள மக்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்று கேட்டால், கடலில் மூழ்கிவரும் ஒரு குட்டித் தீவு என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. இந்த விடை பசிபிக்கின் சிறு நாடுகளை நிலப்பரப்பைக் கொண்டு மட்டும் அளந்து பார்ப்பதால் வருவது. அவற்றின் புவியியலையும் பொருளாதாரத்தையும் ஆட்சிமுறையையும் ஒருசேரப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவற்றைக் கடலோடு சேர்த்து அளக்க வேண்டும். அப்படி அளந்து பார்ப்பதற்குக் கிரிபாட்டியைவிடப் பொருத்தமான நாடு இல்லை என்பது என் கருத்து. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அந்த நாட்டைப் பற்றியதாகவே இருக்கும். ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் துவாலு, நவ்ரு போன்ற அண்டை நாடுகள் வந்துபோகும்.

பசிபிக் தீவுகளை முதலில் இரு வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து உருவான உயர்ந்த தீவுகள் ஒரு வகை. சாலமன் தீவுகள், வனுவாட்டு, பிஜி, சமோவா ஆகிய நாடுகளில் மலையும் காடும் ஆறும் உண்டு. பயிர் செய்யலாம், மரம் வெட்டி விற்கலாம், சில இடங்களில் கனிமமும் தோண்டலாம். பவளத்தால் ஆன தாழ்ந்த தீவுகள் மற்றொரு வகை. கிரிபாட்டி, துவாலு, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றும் ஏறத்தாழ முழுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மலை இல்லை, ஆறு இல்லை, கடல்மட்டத்திலிருந்து நிலம் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உயர்வதும் அரிது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'பசிபிக் தீவுகள்' என்று பொதுவாகப் பேசும்போது பல தவறான முடிவுகள் பிறக்கின்றன.

தாழ்ந்த பவளத்தீவுகள் வளைய வடிவில் இருப்பதற்கான காரணத்தைச் சார்லஸ் டார்வின் 1842இல் விளக்கினார். கடலில் எழுந்த எரிமலையின் கரையைச் சுற்றிப் பவள உயிரிகள் பாறை கட்டுகின்றன. எரிமலை அவிந்து, பல இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல அமிழ்கிறது. அமிழும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. இறுதியில் மலை மறைந்து, அது நின்ற இடத்தில் ஒரு காயலும் அதைச் சுற்றி ஒரு பவள வளையமும் மட்டும் எஞ்சுகின்றன. அந்த வளையத்தின் மீது அலைகள் அள்ளிப் போட்ட பவளத் துகளும் மணலும் சேர்ந்து உண்டானதே மக்கள் குடியிருக்கும் நிலம். 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் ஆழத் துளையிட்டபோது, ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் கீழேதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதற்கு மேல் இருந்தது முழுவதும் பவளச் சுண்ணாம்பு. நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த விவாதத்தை அந்தத் துளை முடித்துவைத்தது.

கிரிபாட்டிக்கு 33 தீவுகள். அவற்றுள் பனாபா மட்டும் மேலெழுந்த பவளத்தீவு; மற்றவை தாழ்ந்த பவளத்தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி, கிழக்கே வெகுதொலைவில் உள்ள கிரிட்டிமாட்டி என்னும் ஒரே தீவுக்கு உரியது. கிறிஸ்மஸ் தீவு என்று அழைக்கப்படுவதும் இதுவே. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உரிய கிறிஸ்மஸ் தீவு வேறு. தீவுகள் மூன்று கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. மேற்கே கில்பர்ட் தீவுகள், நடுவே ஃபீனிக்ஸ் தீவுகள், கிழக்கே லைன் தீவுகள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். பூமத்திய ரேகையின் இருபுறமும், 180 பாகை தீர்க்கரேகையின் இருபுறமும் நிலம் கொண்டிருப்பதால், பூமியின் நான்கு அரைக்கோளங்களிலும் இடம்பெற்ற ஒரே நாடு இது. மக்கள்தொகை சுமார் 1.2 இலட்சம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகரான தெற்குத் தாராவாவில் வாழ்கின்றனர். அது ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரு மெல்லிய நிலப்பட்டை. பல இடங்களில் சாலையின் ஒரு பக்கம் காயலும் மறுபக்கம் பெருங்கடலும் ஒருங்கே தெரியும் அளவுக்கு அகலம் குறைந்தது. ஃபீனிக்ஸ் கூட்டத்திலோ கேன்டன் என்னும் ஒரு தீவில் சில பத்துப் பேர் இருக்கின்றனர், மற்றவை ஆளற்றவை.

இத்தகைய நிலத்தில் வாழ்க்கையைத் தீர்மானிப்பது குடிநீர். பவள மணலில் பெய்யும் மழை ஓடாமல் நேரே கீழிறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், தீவின் அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பர். கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்க வேண்டும். உண்மையில் இரண்டு நீரும் கலக்கும் பகுதி அகலமாக இருப்பதால் குடிக்கத்தக்கது அதைவிடக் குறைவே. தீவு அகலமாக இருந்தால் வில்லை தடிக்கும், ஒடுங்கினால் மெலியும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். பேரலை ஒன்று நிலத்தின் மீது புரண்டால் மேலிருந்தும் உப்பு இறங்கும். தெற்குத் தாராவாவுக்கான நீரில் பெரும்பகுதியை விமான நிலையத்தை ஒட்டிய பொன்ரிக்கி நன்னீர் வில்லை கொடுக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில், அதாவது பெரும்பாலும் நடுப் பசிபிக்கின் கடற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் லா நீனா காலங்களில், அந்த ஊரின் கிணறுகள் கரிக்கத் தொடங்கும்.

மண்ணும் அப்படியே. சுண்ணாம்பு மணலில் வளரக்கூடியவை தென்னை, தாழை, ஈரப்பலா போன்ற சிலவே. சேம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கிழங்கைப் பயிரிடுவதற்காக, நன்னீர் தட்டுப்படும் வரை நிலத்தைக் குழியாக வெட்டி, அதில் இலைதழைகளை மக்கச் செய்து மண் உண்டாக்கும் பழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அந்தக் கிழங்கை 'பபாய்' என்கின்றனர். தென்னம்பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்கும் சாறு அவர்களின் அன்றாட உணவில் ஒரு பகுதி. அதைக் காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. பனையேறிகளின் நாட்டைச் சேர்ந்த நமக்கு இது விளக்கம் தேவைப்படாத தொழில்நுட்பம்.

நாட்டின் சிதறல் நிர்வாகத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு நாட்கோட்டின் கதை நல்ல சான்று. ஒரு தேதியையும் அடுத்த தேதியையும் பிரிக்கும் கற்பனைக் கோடான சர்வதேச நாட்கோடு 1994 வரை கிரிபாட்டியின் நடுவே சென்றது. தாராவாவில் திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது லைன் தீவுகளில் ஞாயிறு; லைன் தீவுகளில் வெள்ளி வரும்போது தாராவாவில் சனி. ஒரே அரசின் இரு பகுதி அலுவலகங்களும் ஒருங்கே இயங்கியது வாரத்தில் நான்கு நாள்கள் மட்டுமே. 1994இல் அதிபரான டெபுரோரோ டீட்டோ இதை மாற்றுவதாக வாக்களித்திருந்தார். 1995 தொடக்கத்தில் ஃபீனிக்ஸ், லைன் தீவுகள் நாட்காட்டியில் ஒரு நாளைத் தாண்டிக் குதித்து மேற்குப் பக்கத்து நாளில் சேர்ந்துகொண்டன. உலகில் முதல் புத்தாண்டு அங்கே பிறப்பது இந்த நிர்வாகத் திருத்தத்தின் பக்கவிளைவு.

இனி இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். 1982இல் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, கரையோர நாடு ஒவ்வொன்றுக்கும் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் தொலைவு வரை, தனிப் பொருளாதார மண்டலம் ஒன்றை வழங்குகிறது. அந்த மண்டலத்தில் எல்லா நாட்டுக் கப்பல்களும் போய்வரலாம். ஆனால் அங்குள்ள மீனையும் கடலடிக் கனிமத்தையும் எடுக்கும் உரிமையும், எடுக்க அனுமதிக்கும் உரிமையும் கரையோர நாட்டுக்கே உரியவை. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்கு வட்டமாக மேய்வதைப் போல, நிலம் முளையாக நின்று கடலின் பரப்பைத் தீர்மானிக்கிறது. பெருங்கடலின் நடுவே, அண்டை நாடு எதுவும் அருகில் இல்லாத ஒரு சிறு தீவு, தன்னைச் சுற்றி ஏறத்தாழ 4.3 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடலைப் பெற்றுத்தருகிறது. தீவின் அளவு இங்கே பெரும்பாலும் பொருட்டே அல்ல. மனிதர் வாழவோ தனக்கெனப் பொருளாதார வாழ்வு கொள்ளவோ இயலாத வெறும் பாறைக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது. முளைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பதே கிரிபாட்டிக்குக் கிடைத்த நற்பேறு. நிர்வாகத்துக்குப் பெரும் சுமையான அதே சிதறல், 811 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர் கடலைச் சேர்த்துக்கொடுத்தது. இந்தியாவின் நிலப்பரப்பு சுமார் 33 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

அந்தக் கடலின் பெருஞ்செல்வம் சூரை மீன். மேற்கு, மத்திய பசிபிக்கின் வெப்பநீரில் திரியும் சூரைக் கூட்டங்களைப் பெரிய சுருக்குமடி வலைகளால் வளைத்துப் பிடிக்கும் கப்பல்கள் ஜப்பான், தென் கொரியா, தைவான், சீனா, அமெரிக்கா, ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து வருகின்றன. பிடிக்கப்படும் மீனில் பெரும்பகுதி, டப்பாவில் அடைத்து விற்கப்படும் சிறிய வகைச் சூரை. தொடக்கத்தில் கிரிபாட்டியிடம் அத்தகைய பெருங்கப்பல்கள் இருக்கவில்லை. ஆகவே அந்நியக் கப்பல்களிடம் உரிமக் கட்டணம் பெறுவதே வழி என்றாயிற்று. ஆனால் சட்டம் தந்த உரிமையைப் பணமாக மாற்றுவதற்கு ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது.

எண்பதுகளில் அமெரிக்கா, கடல்தோறும் இடம்பெயரும் சூரைக்கு எந்தக் கரையோர நாடும் உரிமை கோர முடியாது என்ற நிலையில் நின்றது. அமெரிக்கக் கப்பல்கள் அனுமதியின்றி மீன்பிடித்தன. 1984இல் சாலமன் தீவுகள் தன் கடலில் அத்துமீறிய ஓர் அமெரிக்கக் கப்பலைப் பிடித்துவைத்தது. அமெரிக்கா பதிலுக்கு அந்நாட்டு மீனுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு கிரிபாட்டி சோவியத் ஒன்றியத்துடன் ஓராண்டு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஒப்பந்தத்தால் வந்த பணம் 15 இலட்சம் அமெரிக்க டாலர் அளவே என்றாலும், அதன் அரசியல் விளைவு மிகப் பெரிது. 1987இல் அமெரிக்கா பசிபிக் தீவு நாடுகளுடன் சூரை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, தன் கப்பல்களுக்காகக் கட்டணம் செலுத்த இசைந்தது. படையோ பணமோ இல்லாத ஒரு நாடு தன் இருப்பிடத்தின் மதிப்பைச் சரியாக எடைபோட்டுப் பயன்படுத்திய செயல் என்றே இதை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பின்னும் கட்டணம் குறைவாகவே இருந்தது. காரணம், கப்பல் நிறுவனங்கள் ஒரு தீவை மற்றொரு தீவுக்கு எதிராகப் பேரம் பேசின. ஒரு நாடு விலையை உயர்த்தினால் அடுத்த நாட்டின் கடலுக்குப் போய்விடலாம். இதைத் தடுக்கும் கருவியாக அமைந்தது 1982இல் ஏற்பட்ட நவ்ரு உடன்படிக்கை. கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியக் கூட்டாட்சி, நவ்ரு, பலாவு, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகியவை இதில் சேர்ந்தன. பின்னர் துவாலுவும் இணைந்தது. இந்த எட்டு நாடுகள் 2007இல் கப்பல்-நாள் திட்டத்தை நடைமுறைப்படுத்தின. இதன் செயல்முறை எளிது. எல்லா நாடுகளின் கடலிலும் சேர்த்து ஓராண்டில் சுருக்குமடிக் கப்பல்கள் மொத்தம் எத்தனை நாள்கள் மீன்பிடிக்கலாம் என்று முதலில் வரையறுக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 45,000 நாள்கள். அந்த நாள்கள் நாடுகளுக்குப் பங்கிடப்படுகின்றன. ஒவ்வொரு நாடும் தன் பங்கு நாள்களைக் கப்பல் நிறுவனங்களுக்கு விற்கிறது. ஆனால் பொதுவாக நிர்ணயித்த குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்பதில்லை என்று எட்டும் ஒப்புக்கொண்டுள்ளன. அந்தக் குறைந்தபட்ச விலை 2012இல் நாளுக்கு 5,000 அமெரிக்க டாலர், 2015இல் 8,000 டாலர். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாளுக்கு விலை உண்டு. பெரிய கப்பலின் ஒரு நாள் ஒன்றரை நாளாகவும், சிறிய கப்பலின் ஒரு நாள் அரை நாளாகவும் கணக்கில் கழிகிறது. கப்பல் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கிறது. கப்பலிலேயே கண்காணிப்பாளர் ஒருவரும் பயணம் செய்கிறார். மிக அடிப்படையான கூட்டுறவு இது. ஆனால் இதன் விளைவாகக் கிரிபாட்டியின் மீன்பிடி உரிம வருவாய் பல மடங்கு உயர்ந்து, 2015 அளவில் ஏறத்தாழ 20 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டியது. அண்மை ஆண்டுகள் பலவற்றில் அரசு வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு வழியிலேயே வந்திருக்கிறது.

ஒரே வழியில் வரும் பணம் என்பதால் ஏற்ற இறக்கமும் அதிகம். எல் நீனோ ஆண்டுகளில் பசிபிக்கின் வெப்பநீர்ப் பரப்பு கிழக்கே நகர்கிறது. சூரைக் கூட்டங்களும் அதைத் தொடர்ந்து கிரிபாட்டியின் கடலுக்குள் வருகின்றன. லா நீனா ஆண்டுகளில் அவை மேற்கே பப்புவா நியூ கினிப் பக்கம் விலகிப்போகின்றன. ஆக, மழை பொய்க்கும் அதே ஆண்டில் மீனும் விலகுகிறது. கப்பல்-நாள்களை நாடுகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளலாம் என்னும் விதி இந்த அடியை ஓரளவு தாங்கிக்கொள்ள உதவுகிறது.

ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி 4 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கிரிபாட்டி பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, 2015இல் அங்கே வணிக மீன்பிடிப்பை முற்றிலும் நிறுத்தியது. 2010இலேயே யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றிருந்தது. 2021இல் அரசு அந்தத் தடையை நீக்கும் முடிவை அறிவித்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. கண்டனம் செய்தவர்களின் கவலை நியாயமானது. ஆயினும் தன் கடலில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பின் வருவாயைத் துறக்கும்படி இவ்வளவு வறிய ஒரு நாட்டைக் கேட்பவர்கள், அந்த இழப்பை ஈடுசெய்யும் நிதியையும் போதிய அளவில் கொண்டுவந்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

கடல் வருவாய்க்கு முன் இந்நாட்டின் செல்வம் நிலத்திலிருந்தே வந்தது. அந்தக் கதை கசப்பானது. பனாபாவில் 1900இல் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் வயல்களுக்கு உரமாவதற்காக அந்தத் தீவு எண்பது ஆண்டுகள் சுரண்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 டிசம்பரில், பனாபா மக்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பிஜியில் உள்ள ரபித் தீவுக்குக் குடியேற்றப்பட்டனர். பின்னர் அவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நீண்ட காலம் நடந்தது. அவர்கள் கோரிய அளவு நீதி அங்கே கிடைக்கவில்லை. கிரிபாட்டி விடுதலை பெற்ற 1979ஆம் ஆண்டிலேயே பாஸ்பேட்டும் தீர்ந்து சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் குடியேற்ற அரசு 1956இல் பாஸ்பேட் வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டு ஓர் இருப்பு நிதியைத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்பட்ட அந்த நிதி இன்று நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வருவாய் குறைந்த ஆண்டுகளில் அதிலிருந்து எடுத்து வரவுசெலவை ஈடுகட்டுகின்றனர். அந்த நிதியின் விதைப்பணம் ஒரு சிறு சமூகம் தன் மண்ணை இழந்து கொடுத்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பாராட்டுவது முறையாகாது.

இத்தகைய நிதியைக் காப்பதும் கரைப்பதும் ஆட்சியாளர் கையில் உள்ளது என்பதற்கு நவ்ரு எடுத்துக்காட்டு. 21 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தத் தீவு 1968இல் விடுதலை பெற்று, எழுபதுகளில் பாஸ்பேட்டால் தலைக்கணக்கில் உலகின் மிகச் செல்வமான நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. மெல்போர்னில் வானளாவிய கட்டடம், சொந்த விமான நிறுவனம் என்று செலவிட்டு, தவறான முதலீடுகளிலும் பணத்தை இழந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ திவாலானது. பாஸ்பேட் இல்லாத துவாலு வேறு வழியில் சென்றது. 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் உதவியுடன் ஒரு பொறுப்பு நிதியை அமைத்துக்கொண்டது. பின்னர் அதற்கென ஒதுக்கப்பட்ட இணைய முகவரியின் ஈற்றெழுத்துகள் 'டிவி' என்று அமைந்திருந்ததால், தொலைக்காட்சி, காணொலி நிறுவனங்களிடையே அதற்குக் கிராக்கி ஏற்பட்டது. அந்தப் பணத்தின் துணையுடனேயே துவாலு 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானது.

உள்நாட்டுப் பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரிபாட்டிக்குச் சொந்த நாணயம் இல்லை. ஆஸ்திரேலிய டாலரையே பயன்படுத்துகிறது. ஆகவே பணம் அச்சடிக்கவோ நாணய மதிப்பைக் குறைக்கவோ அரசால் இயலாது. சம்பளம் தரும் வேலைகளில் பெரும்பாலானவை அரசு வேலைகள். வெளித்தீவுகளில் வாழ்வோருக்குப் பணவரவு என்றால் கொப்பரை. அதை அரசே சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறது. 2016இல் அந்த விலை கிலோவுக்கு ஒரு ஆஸ்திரேலிய டாலரிலிருந்து இரண்டாக உயர்த்தப்பட்டது. மக்கள் எல்லோரும் தெற்குத் தாராவாவில் வந்து குவியாமல் இருக்க வெளித்தீவுகளில் கொஞ்சமேனும் வருமானம் வேண்டும் என்பதே இதன் நோக்கம். தெற்குத் தாராவாவின் பெசியோவில் 1967இல் தொடங்கிய கடலோடிப் பயிற்சிப் பள்ளி, ஜெர்மானியச் சரக்குக் கப்பல்களுக்கு மாலுமிகளை அனுப்பிவந்தது. ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் தோட்டங்களில் பருவகால வேலைக்கும் இளைஞர்கள் செல்கின்றனர். அரிசி, மாவு, சர்க்கரை, டப்பா உணவு, எரிபொருள் எல்லாம் கப்பலில் வர வேண்டும். மீனையும் தேங்காயையும் கிழங்கையும் உண்டு வாழ்ந்த மக்களிடையே வெள்ளை அரிசியும் சர்க்கரையும் பரவியதில் நீரிழிவு இன்று பெரும் நோயாகிவிட்டது.

ஆட்சிமுறைக்கு வருவோம். கில்பர்ட் தீவுகளின் ஊர்கள் ஒவ்வொன்றிலும் 'மனியாபா' என்னும் பெரிய கூரைவேய்ந்த கூடம் உண்டு. ஒவ்வொரு குடும்பக் கிளைக்கும் அதில் வழிவழியாக ஓர் இருக்கைப் பகுதி உரியது. முதியோர் அங்கே கூடிப் பேசி, இணக்கம் வந்த பிறகே முடிவெடுப்பது மரபு. கில்பர்ட் தீவுகள் பிரிட்டனின் ஆட்சியில் எல்லிஸ் தீவுகளுடன் ஒரே குடியேற்றமாக இருந்தன. 1974இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் எல்லிஸ் தீவுகள் பிரிந்து, 1978இல் துவாலு என்னும் நாடாயின. கில்பர்ட் தீவுகள் 1979 ஜூலை 12 அன்று கிரிபாட்டிக் குடியரசாயின. ஃபீனிக்ஸ், லைன் தீவுகள் மீது தனக்கிருந்த உரிமைக்கோரிக்கைகளை அதே ஆண்டில் கையெழுத்தான உடன்படிக்கையில் அமெரிக்கா கைவிட்டது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் இன்றைய கடற்பரப்பில் பெரும்பகுதி கிரிபாட்டிக்குச் சொந்தமாகியிருக்காது.

துவாலு பிரிட்டிஷ் அரசரையே நாட்டின் தலைவராக வைத்துக்கொண்டு, கட்சிகள் இல்லாத 16 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறது. கிரிபாட்டி அப்படியன்றி, தனக்கே உரிய ஒரு கலப்பு முறையை வகுத்துக்கொண்டது. நாடாளுமன்றத்துக்கும் மனியாபா என்றே பெயர். அதில் 44 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ரபித் தீவில் வாழும் பனாபா மக்கள் சார்பில் ஒருவர் நியமிக்கப்படுகிறார். வேறொரு நாட்டின் மண்ணில் வாழும் சமூகத்துக்கு நாடாளுமன்றத்தில் இடம் ஒதுக்கிய அரிய ஏற்பாடு இது. பொதுத்தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து மூன்று அல்லது நான்கு பேரை அதிபர் வேட்பாளர்களாக முன்னிறுத்துகின்றனர். அவர்களில் ஒருவரை நாடு முழுவதும் வாக்களித்து அதிபராக்குகிறது. அதிபர் நாட்டின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஆவார். மூன்று முறைக்கு மேல் அப்பதவி கிடையாது. அவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அதிபரோடு நாடாளுமன்றமும் கலைகிறது. புதிய தேர்தல் வரை அவைத்தலைவர், தலைமை நீதிபதி, அரசுப் பணியாளர் ஆணையத் தலைவர் ஆகிய மூவர் கொண்ட குழு ஆளுகிறது. அதிபரைக் கவிழ்ப்பவர் தம் இருக்கையையும் பணயம் வைக்க வேண்டும் என்பதால், அற்பக் காரணங்களுக்காக ஆட்சி கவிழ்வது குறைகிறது. அண்டை நாடுகள் சிலவற்றில் பிரதமர்கள் அடிக்கடி மாறுவதைப் பார்க்கும்போது இந்த விதியின் அருமை விளங்குகிறது.

முதல் அதிபர் இயரெமியா டபாய் பதவியேற்றபோது முப்பது வயதைத் தொட்டிருக்கவில்லை. சிறு நாட்டில் அரசியல் எவ்வளவு நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கிறது என்பதை 2003ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டியது. அந்த ஆண்டில் டீட்டோவின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தபின் நடந்த அதிபர் தேர்தலில் முதலிரு இடங்களில் நின்றவர்கள் உடன்பிறந்தவர்கள். ஹேரி டோங்கை அனோட்டே டோங் வென்றார். அனோட்டே டோங் பதவிக்கு வந்த ஆண்டே தூதரக உறவில் சீனாவை விட்டுத் தைவானை ஏற்றதால், தாராவாவில் இயங்கிவந்த சீனச் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் மூடப்பட்டது. 2016இல் அதிபரான டனெட்டி மாமாவு 2019இல் மீண்டும் சீனாவை ஏற்றார். ஐக்கிய நாடுகள் அவையில் இந்நாட்டுக்கும் ஒரு வாக்கு, பெருவல்லரசுக்கும் ஒரு வாக்கு என்பதையும், இந்நாட்டின் கடல் எங்கே பரந்துள்ளது என்பதையும் வைத்துப் பார்த்தால் இந்த இழுபறியின் காரணம் விளங்கும்.

கடல்மட்ட உயர்வு குறித்து இந்நாட்டின் தலைவர்கள் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். அனோட்டே டோங், மக்கள் அகதிகளாக ஓடாமல், கைத்தொழில் கற்று மதிப்போடு குடிபெயர வேண்டும் என்று உலக மேடைகளில் பேசினார். அவருடைய அரசு 2014இல் பிஜியின் வனுவா லேவுத் தீவில் இருபது சதுர கிலோமீட்டர் அளவிலான நிலத்தை வாங்கியது. அவருக்குப் பின் வந்த மாமாவு, குடிபெயர்வைப் பற்றிய பேச்சைக் குறைத்து, இருக்கும் நிலத்தை உயர்த்துவதையும் பொருளாதாரத்தை வளர்ப்பதையும் முன்வைத்தார். இதற்கிடையே ஒரு சட்டக் கேள்வி எழுந்தது. கடற்கரைக் கோடு அலையால் அரிக்கப்பட்டுப் பின்வாங்கினால், அதிலிருந்து அளக்கப்படும் 200 கடல் மைல் எல்லையும் சுருங்குமா? முளை பெயர்ந்தால் மேய்ச்சல் நிலமும் போய்விடுமா? கடற்சட்ட உடன்படிக்கையை எழுதிய காலத்தில் இக்கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. 2021 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள், ஒருமுறை முறைப்படி அறிவித்த கடல் எல்லைகள் கடல்மட்டம் உயர்ந்தாலும் குறையாமல் தொடரும் என்று கூட்டாகப் பிரகடனம் செய்தனர். வனுவாட்டுவின் முன்முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவை கேட்டதற்கிணங்க, சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்து வழங்கியபோது, கடல்மட்ட உயர்வின் காரணமாக நாடுகள் தம் எல்லைக் கோடுகளைத் திருத்த வேண்டிய கடமை இல்லை என்று கூறியது. நிலப்பரப்பை இழப்பதாலேயே ஒரு நாடு நாடாக இல்லாமல் போய்விடாது என்னும் பொருள்படவும் அக்கருத்தில் இடம் உண்டு.

இவ்வளவு கிடைத்த பின்னும் அன்றாடத் தேவை வேறோர் இடத்தில் நிற்கிறது. நிலம் முழுவதும் கடலுக்குள் போவதற்கு நெடுங்காலம் முன்பே, புயல் அலைகளும் அளவுமீறிய இறைப்பும் நன்னீர் வில்லையைக் கெடுத்துவிடக்கூடும். குடிக்க நீரில்லாத தீவில், எல்லைக் கோடு சட்டப்படி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஆட்கள் தங்க மாட்டார்கள். எனவே ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவற்றின் நிதியுதவியுடன் தெற்குத் தாராவாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைப்பது, ஒழுகும் குழாய்களை மாற்றுவது, விமான நிலையத்தை ஒட்டிய டெமைக்குப் பகுதியின் தாழ்நிலத்தை உயர்த்துவது ஆகியவை அரசின் முதன்மைத் திட்டங்களுள் இடம்பெற்றுள்ளன. மின்சாரம் இல்லாமல் கடல்நீரை நன்னீராக்க முடியாது. நெடுங்காலமாக டீசலையே நம்பியிருந்த தீவு என்பதால் சூரிய மின்தகடுகளையும் கூடவே நிறுவ வேண்டியிருக்கிறது. உதவி நிதி போக, இவற்றை ஆண்டுதோறும் ஓட்டிப் பராமரிக்கும் செலவுக்குக் கப்பல்-நாள் வருவாயும் 1956இல் தொடங்கிய இருப்பு நிதியுமே அரசிடம் உள்ள சொந்தக் கைப்பணம்.